ஒலிநாடா எண் 17, பக்கம் ஆ

குருசுக்குப்பத்தில் மாடி, வாடகைக்கு.
வீட்டுக்காரர் முதலில் கேட்டது: "கூட யாரு இருக்காங்க?"
ஐம்பத்தெட்டு ஒலிநாடாக்கள் என்று சொல்லியிருக்கலாம்.
"யாருமில்லை" என்றேன்.
முன்பணம் ஒரு மாதம் கூடிற்று.

பூசணம் பிடித்த நாடாவைப் பஞ்சால் துடைத்து
ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுகிறேன்.
ஒன்றின் உள்ளே முழுக்க மழை.
இன்னொன்றில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டே இருக்கிறார்கள்,
நடுநடுவே என் கேள்விகள்,
எல்லாம் இளங்குரலில், எல்லாம் அவசரமாக.

முப்பத்தொரு வருடம், நாலு தீவு.
பெயர்களை மாற்றித்தான் எழுதினேன், அது தொழில் ஒழுக்கம்.
இங்கும் மாற்றியிருக்கிறேன்,
என் பெயர் லூர்துநாயகி என்பதைத் தவிர.

சொல்தா மகள்.
அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஏதோ ஒரு தீவில் காவல் நின்றவர்.
கொண்டுவந்தது ஒரு சங்கு, ஓர் இருமல், பிராங்கில் பென்ஷன்.
சங்கைக் காதில் வைத்தால் கடல் கேட்கும் என்பார்.
கடல் தெருமுனையிலிருந்து நடக்கிற தூரம்தான்.
அந்தத் தீவில் அவருக்குச் சோறு பொங்கியது யார் என்று
நான் கேட்டேன்.
அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முதல் தீவில் வீடு பெண்ணுடையது.
புருஷன் இருட்டின பிறகு வருவான்,
விடியும்முன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
தன் தாய்வீட்டுக்குத் திரும்புவான்.
சந்தில் ஒளிந்து நின்று எண்ணினேன்: பத்தொன்பது பேர்.
என் முதல் கட்டுரையின் முதல் வரி அது.
கருத்தரங்கில் சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

இரண்டாவதில் ஆண்கள் எல்லாரும் கப்பலில்.
கூரை வேய்வதும் பெண்கள், படகுக்குத் தார் பூசுவதும்,
வழக்குத் தீர்ப்பதும்.
"அதிகாரம் உங்களிடமா?" என்று கேட்டேன்.
"வேலை எங்களிடம்" என்றார்கள்.
அந்த ஒரு பதிலை நான் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.

மூன்றாவதில் மலேரியா.
நாலாவதைப் பற்றி எழுதுவதில்லை என்று
அங்கே ஒருத்திக்கு வாக்கு.

தொண்ணூற்று நாலு, ஆடி.
மறுபடி முதல் தீவுக்குக் கிளம்புகிற நாள்.
விழுப்புரத்தில் ரயில், அடுத்த இரவு கொச்சியில் கப்பல்.
போகிற வழியில் சார்பதிவாளர் ஆபீஸ் என்றான் அண்ணன்.
முத்தியால்பேட்டை வீடு, கிணறு, இரண்டு முருங்கை.
"யாதொரு பிரதிபலனும் பெறாமல்,
என் முழு மனச்சம்மதத்தின் பேரில்..."
எழுத்தர் உரக்கப் படித்தார்,
நான் பஸ் நேரம் பார்த்தேன்.
களப்பணிக்கென்று வாங்கிய பேனா,
தண்ணீரில் அழியாத மை.
ஐந்து இடத்தில் கையெழுத்து.
சாட்சிக்கு நின்றவர் டீ வாங்கித் தந்தார்.

அண்ணன் கெட்டவன் இல்லை.
பஸ் நிலையம்வரை பெட்டியைத் தூக்கி வந்தான்.
இப்போது அங்கே மூன்று மாடி.
கருப்புத் தண்ணீர்த்தொட்டி, என் துணிக்கொடியிலிருந்தே தெரியும்.

இன்று காலை பதினேழாவது நாடா, ஆ பக்கம்.
பத்திரம் எழுதிப் பதினெட்டாம் நாள்.
கேட்பது நான்:
"வீட்டுச் சாவி யார் கையில் இருக்கும்?"
பாத்திபீ சிரிக்கிறாள்.
இடுப்புக் கொத்தைத் தட்டுகிறாள், கலீர் என்கிறது.
பிறகு, சாதாரணமாக,
மீன் என்ன விலை என்பதுபோல,
"உன் வீட்டுச் சாவி?"

என் இடுப்பில் அப்போது இருந்தது
ஒலிப்பதிவுக் கருவி.

அந்தத் தேதிக்குக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன்.
என் கையெழுத்து, அதே மை:
"தகவலாளி களைப்பாக இருந்தார். பேட்டி தடைப்பட்டது."

நாடாவில் அப்படி இல்லை.
நாடாவில் ஒரு சேவல்.
தூரத்தில் யாரோ ஒரு குழந்தையை அதட்டுகிறார்கள்.
திரையில் கோடு ஏறக்குறைய தட்டையாக
பதினொரு விநாடி ஓடுகிறது.
பிறகு யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.
நான்தான்.

"சரி, அடுத்த கேள்வி."